போச்சு மாமாவும் வாசல் வாழையும்

கடலோரத்துக் கோலசிலாங்கூரிலிருந்து மலையடிவாரத்து உலு யாம் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் போச்சு மாமாவைப் போலக் கவலைப்பட ஓர் ஆள் கிடைக்க மாட்டார். நீங்களும் நானும் படுவதெல்லாம் ஒரு கவலையா? வந்தால் படுகிறோம், போனால் மறந்துவிடுகிறோம். அவர் அப்படியில்லை. மற்றவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது போல, விடியும் முன்னே எழுந்து, முறையாக, ஒன்று விடாமல் கவலைப்படுவார். மழை பெய்தால் வெள்ளம் வரும் என்பார். பெய்யாவிட்டால் செடியெல்லாம் கருகும் என்பார். அளவாகப் பெய்தால், "இது நல்லதுக்கில்ல, எங்கயோ சேத்து வச்சுக் கொட்டப் போவுது" என்பார். எதைச் சொன்னாலும் முன்னாலோ பின்னாலோ ஒரு "போச்சு!" ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடும் கிராணியே, "போச்சு!" என்றுதான் கூப்பிடுவார். "வந்துட்டேங்கய்யா" என்று குரல் கொடுத்துவிட்டு, "என் பேரு வந்துருச்சா? அப்ப நேரமாயிருச்சு, போச்சு" என்று மாமா பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார். அவர் சொன்னது எதுவும் போனதில்லை. வெள்ளமும் வரவில்லை, செடியும் கருகவில்லை. ஆனாலும் மனிதர் மனம் தளராமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எண்பதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. அவர் பெருமூச்சு விட்டால் எங்கள் வீட்டுக் காலண்டர் ஆடும் என்று என் அப்பா சொல்வார். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவும் பாக்கியம் அத்தையும். உறவுமுறை எல்லாம் வாயால் வந்ததுதான். அவர் என் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டார், அதனால் எனக்கு மாமா ஆனார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கவலையை மட்டும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மிச்சக் கவலையையெல்லாம் கத்தரிக்கும் மிளகாய்க்கும் கோழிக்கும் ஆட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

நம் ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. ஆனால் மாசி பிறந்தால் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்த நாட்களில் பால் சுருங்கிவிடும், வெட்டும் குறைந்துவிடும். வேலை குறைந்த கைகள் எல்லாம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் கொல்லைக்குத் திரும்பும். பாத்தி கட்டுவார்கள், கோழிக்கூட்டைக் கழுவுவார்கள், ஆட்டுக் கொட்டகைக்குப் புது அத்தாப்பு ஓலைக் கூரை போடுவார்கள். எல்லோருக்கும் அது கொஞ்சம் மூச்சு விடும் காலம். மாமாவுக்கு அறுவடைக் காலம். கவலைதான் அறுவடை.

மிளகாய் நாற்று நட்டால் வெயில் தாங்காது என்று அவற்றுக்குப் பழைய குடைகளை விரித்து வைப்பார். தோட்டத்தில் கம்பி ஒடிந்த குடை எதுவாக இருந்தாலும் கடைசியில் மாமாவின் மிளகாய்ப் பாத்தியில்தான் போய்ச் சேரும். "எனக்கு ஒரு கொட வாங்கித் தர துப்பில்ல, மொளகாய்க்குக் கொட!" என்று அத்தை நனைந்துகொண்டே ஏசுவார். புடலங்காய் நேராக வளர வேண்டும் என்று எல்லாரும் நுனியில் கல் கட்டுவது போல அவரும் கட்டினார். கட்டிய பிறகு, கல் அறுந்து கோழி தலையில் விழுந்தால் என்ன செய்வது என்ற யோசனை வந்துவிட்டது. உடனே பந்தலுக்குக் கீழே பழைய தலையணைகளைப் பரப்பினார். கோழிகள் அதில் ஏறி முட்டையிட்டன. முட்டை மேல் கல் விழுமே என்று மறுபடியும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துப் பெரிய வடிகால்கள் கடலைப் பார்த்துப் போகிறவை. கடல் ஏற்றம் அதிகமானால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அதனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் அதை நாக்கில் தொட்டுப் பார்ப்பார். தன் நாக்கின் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. வழியில் போகிறவர்களை நிறுத்தி, "இந்தா, ஒரு வாய் பாரு, கரிக்குதா?" என்பார். அவர் கொல்லையைத் தாண்டிப் போக வேண்டியவர்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.

உரத்துக்கு அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங் வரை சைக்கிள் மிதிப்பார். அங்கே ஒரு சீனத் தவுக்கே, மீன்கடை முதலாளி, மீன் கழிவைச் சும்மா கொடுப்பார். அவரிடம் மாமா பேசுவது மலாய். மலாயிலும் அதே கவலைதான். "ஹாபிஸ்லா தவுக்கே, ஹாபிஸ்!" என்பார். எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். தவுக்கே அவரை 'ஹாபிஸ்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு மொழியிலும் மனிதருக்கு ஒரே பெயர். மீன் கழிவுத் தகரம் சைக்கிளில் வரும்போது பின்னாலேயே பூனைகள் ஊர்வலமாக வரும். பூனையைத் துரத்த ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டினார். நாய் மீன் கழிவைத் தின்றுவிட்டு ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. பாக்கியம் அத்தை அதற்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் கல்யாணத்தின் முக்கியமான வேலை ஒன்று போய் மாட்டியது.

தை மாதத்தில் எனக்குப் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை ரவாங்கில் தொழிற்சாலையில் வேலை. வைகாசியில் முதல் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. பந்தல் வாசலில் கட்டும் இரண்டு வாழையும் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். குலையும் பூவுமாக நிற்க வேண்டும். வாழை கொண்டு வந்த மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போவார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. பரிசத்தன்று பெரியவர் ஒருவர், "மாமன் மொற செய்யிறது யாரு?" என்று கேட்டதும் அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

உலு யாமில் அம்மாவின் சித்தி மகன் ஒருவர் இருந்தார். சொந்தமாக லோரி வைத்திருந்தவர். அப்பாவின் சாவுக்குக்கூட வராத அந்த உலு யாம் மாமா, பரிசத்துக்கு லோரியிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "என்னாக்கா இது, வாழ ஒரு விசயமா? சொல்லு, ரெண்டு என்னா, ஒரு லோரி நெறைய ஏத்திட்டு வரேன்லா" என்றார். அம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். அப்போது பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த போச்சு மாமா, "என் கொல்லையில ரெண்டு ரஸ்தாளி நிக்குது. மாசியில கொல தள்ளிரும்" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவும் திரும்பிப் பின்னால் பார்த்தார், சொன்னது வேறு யாரோ என்பது போல. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் என்னா, என் தம்பி இருக்கானே" என்று சபையில் சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்ததும் மாமா தேத்தண்ணிச் சட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்க்கா என்னைப் பேச வுட்டீங்க? வாயில கைய வச்சு அடைச்சிருக்கக் கூடாது? காத்தடிச்சா? கொரங்கு வந்தா? போச்சு!"

"ஒண்ணும் போவாது தம்பி."

"அந்த லோரிக்காரன் சிரிப்பான்க்கா."

அன்றிலிருந்து வைகாசி வரை அவர் முழுசாகத் தூங்கினாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். மற்ற கவலைகள் எல்லாம் விளையாட்டாகிவிட்டன. மிளகாய்க் குடைகள் காற்றில் பறந்தன, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னபடி மாசியில் இரண்டு வாழையும் குலை தள்ளின. ஊரே சந்தோஷப்பட்டது. மாமா மட்டும், "ரெண்டும் ஒண்ணா தள்ளிருச்சே, இனிமே ரெண்டையும்ல காப்பாத்தணும்" என்றார்.

முதல் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது. வாழைப்பூ வடை என்றால் பாக்கியம் அத்தைக்கு உயிர். குலையின் நுனியில் தொங்கும் பூவை அவர் நிமிர்ந்து பார்த்தாலே மாமா ஓடி வந்து நடுவில் நிற்பார். "பாக்கியம், சொல்லிட்டேன். அது சரசு கல்யாணப் பூவு."

"பாக்கக் கூடவா கூடாது?"

"ஒன் பார்வையே வடச்சட்டி மாதிரி இருக்கு."

அடுத்தது காற்று. ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக்கொடுத்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார். ஒரு கயிற்றை லயத்துத் தூணில் கட்டினார். கட்டிவிட்டு வந்து சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்துவிட்டார். மரம் சாய்ந்தால் தூணையும் இழுத்துக்கொண்டு போகும், தூண் போனால் அக்கா வீடும் சேர்ந்து விழும் என்று தோன்றிவிட்டதாம். அந்தக் கயிற்றை அவிழ்த்து ஆட்டுக் கொட்டகையில் கட்டினார். பிறகு ஆட்டை நினைத்துக் கவலைப்பட்டார்.

குரங்குகள்தான் பெரிய தொல்லை. அவர் வேலைக்குப் போனதும் அவை காட்டோரத்திலிருந்து வரும். அத்தை கம்பை எடுத்துக்கொண்டு துரத்துவார். குரங்குகளோ உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல் பல்லைக் காட்டும். பொம்பளையைக் கண்டால் குரங்கு பயப்படாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். தன் கால்சட்டையையும் சட்டையையும் தொப்பியையும் அத்தைக்குக் கொடுத்து, "இதப் போட்டுக்கிட்டு நில்லு. கொரங்குக்கு ஆம்பள பொம்பள உடுப்புலதான் தெரியும்" என்றார். அத்தை முதலில் வீட்டை இரண்டாக்கினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, "அந்தப் புள்ளைக்காக" என்று சொல்லிப் போட்டுக்கொண்டார்.

குரங்குகள் நிஜமாகவே ஓடிவிட்டன. வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் ஏமாந்தார். வேலை நேரத்தில் கொல்லையில் தொப்பியோடு ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார்.

"டேய் போச்சு! வெட்டுல இருக்க வேண்டியவன் இங்க என்னாடா பண்ற?"

உருவம் திரும்பியது. வாய் நிறைய வெற்றிலை. "அவரு வெட்டுலதான்யா இருக்காரு. நான் அவரு சம்சாரம்."

மண்டோர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் யாரை ஏசுவதாக இருந்தாலும் ஒரு சுற்று சுற்றி முன்னால் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

சித்திரை வந்தது. காய் திரண்டு வந்தது. நானும் அம்மாவும் மாவு இடிப்பதும் பாத்திரம் இரவல் கேட்பதுமாக இருந்தோம். ஆனால் எனக்கும் உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்தால் முதலில் கொல்லைக் கதவைத் திறந்து அந்த இரண்டு மரமும் நிற்கின்றனவா என்று பார்ப்பேன். உலு யாம் மாமா கையைப் பிடித்து மணவறைக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்பாவின் சாவு வீட்டில் பந்தல் போட்டதும், ஈரத் துணியோடு கொள்ளிச்சட்டிக்குப் பக்கத்தில் நடந்ததும் போச்சு மாமாதான். அன்றைக்கு லோரி வரவில்லை.

காய் முற்றும் நேரத்தில் வௌவால் வரும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சொன்னவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மாமா உடனே குலைகளைக் கோணிப்பையால் மூடித் தைத்தார். பூ மட்டும் கீழே எட்டிப் பார்த்தது. அதுவும் போதாது, வௌவாலுக்கும் பூச்சிக்கும் புகை ஆகாது என்று இரண்டு மரத்தின் அடியிலும் தகரத்தை வைத்து, தேங்காய் மட்டையைப் போட்டு மூட்டம் போட்டார். காலையும் மாலையும் புகை கோணிக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கண்ணும் கருத்துமாக மட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "இனிமே எவன் வருவான், பாக்குறேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் பாக்கியம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "அண்ணி, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"ஏன், என்னா ஆச்சு?"

"ஒங்க தம்பி போச்சுன்னு சொல்லி நாளாச்சு. சோறு கொழஞ்சிருச்சு, ஒண்ணும் சொல்லல. ஆடு கயித்த அறுத்துருச்சு, சிரிக்கிறாரு."

அம்மா அவரைத் தேற்றி அனுப்பினார். ஆனால் அன்று முழுக்க அம்மாவும் சரியில்லாமல்தான் இருந்தார். நானும்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் தீபாவளி வந்தாலும் பொங்கல் வந்தாலும், பச்சைக் குலையைக் குழிக்குள் வைத்துக் கோணியால் மூடிப் புகை போட்டுப் பழுக்க வைப்பது ஒரு வேலை. அந்த வேலையில் கைதேர்ந்தவர் யார் தெரியுமா? போச்சு மாமாவேதான். லயத்துக் குலைகள் எல்லாம் அவரிடம்தான் வரும். "என்னைக்குப் பழம் வேணும்?" என்று கேட்டு, அந்த நாளுக்குச் சரியாகப் பழுக்க வைத்துக் கொடுப்பார். அதே மனிதர்தான் அதே கோணியைப் போட்டு, அதே மட்டையைக் கொளுத்தி, அதே புகையை விட்டார். அவருக்கும் உறைக்கவில்லை, தினமும் அந்தப் புகையில் இருமிக்கொண்டு போன எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வௌவால் எல்லோர் மூளையிலும் உட்கார்ந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்திய நாள் காலையில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. மரத்தை வெட்டும் முன் மாமா கோணியைப் பிரித்தார். பிரிக்கும்போதே வாசனை எங்கள் சமையல்கட்டு வரை வந்துவிட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு குலையும் மஞ்சள். மேல்சீப்பிலிருந்து அடிச்சீப்பு வரை ஒரே மஞ்சள். ரஸ்தாளி பழுத்தால் காம்பில் நிற்காது. மாமாவின் கை பட்டதும் பொத்தென்று இரண்டு பழம் அவர் காலடியில் விழுந்தன.

அவர் "போச்சு" என்று சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் சொன்னவர், உண்மையிலேயே போன அன்று வாயைத் திறக்கவில்லை. விழுந்த பழங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, புகைத் தகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேன்.

அம்மா வந்தார். குலையைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா" என்றார் மாமா, தலை நிமிராமல். "உலு யாமுக்கு ஆள் அனுப்பிருங்க. அவரு கொண்டாரட்டும். அவரே கூட்டிட்டுப் போவட்டும்."

"அதெல்லாம் முடியாது" என்றேன் நான். கல்யாணப் பெண் முந்திய நாள் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசினேன். "பழுத்தா என்னா? மாமா வாழதான் வாசல்ல நிக்கணும்."

"மாப்ள வூட்டுக்காரங்க தலையில பழம் விழும் புள்ள. சகுனம் பாப்பாங்க. ஒன் வாழ்க்கடி" என்றார் அம்மா. அது நியாயமான பயம்தான். ஆரம்பமே உதிர்ந்தது என்று நாளைக்கு ரவாங்கில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால், அதைக் காலம் முழுக்கக் கேட்கப்போகிறவள் நான்.

வழி சொன்னது பாக்கியம் அத்தை. மாமாவின் கால்சட்டையோடு நின்றுகொண்டிருந்தவர், "ஒக்காந்தா ஆச்சா? ஒங்க மீன்காரத் தவுக்கேகிட்ட பழைய வல இருக்கும்ல, போய்க் கேளுங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தவுக்கேயிடம் என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ. அன்றைக்கு அவர் ஹாபிஸ் என்று சொல்லாததைப் பார்த்துத் தவுக்கேயும் பயந்துபோனாராம். கண் சின்னதான நைலான் வலையாகப் பார்த்து வெட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அதை இரண்டு குலைக்கும் சுற்றித் தைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வலை தெரியாது. மரங்களை வெட்டி, பந்தல் வரைக்கும் ஆறேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி வந்து கட்டினார்கள். பக்கத்தில் போனால் மட்டும் லேசாக மீன் வாசனை வந்தது. அம்மா அதன் மேல் பன்னீர் தெளித்தார்.

கல்யாணத்தன்று காலை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். வெளியே லோரிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உலு யாம் மாமா இறங்கினார். லோரியில் பச்சைப் பசேலென்று இரண்டு வாழை, குலையும் பூவுமாக.

"அக்கா, கேள்விப்பட்டேன்லா. எதுக்கும் இருக்கட்டும்னு ஏத்திட்டு வந்தேன். மாப்ள வூடு வர்றதுக்குள்ள அந்தப் பழுத்தத அவுத்துட்டு இதக் கட்டுங்க."

அம்மா திகைத்து நின்றார். போச்சு மாமா யாரும் சொல்லாமலே வாசலுக்குப் போய், தானே கட்டிய கயிற்றைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார். பாதிப் பின்னலோடு நான் வாசலுக்கு ஓடினேன்.

"மாமா! அந்தக் கயித்துல கைய வச்சீங்க, நான் மணவறைக்கு வரவே மாட்டேன்!"

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாமாவின் கை கயிற்றிலேயே நின்றது. உலு யாம் மாமாவுக்கு முகம் கறுத்துப்போனது. அம்மா அதற்குள் சுதாரித்துக்கொண்டு, "இவ்வளவு தூரம் கொண்டாந்தது வீணாவுமா தம்பி? சாப்பாட்டுப் பந்தல் வாசலுக்கு ஒங்க வாழதான் அழகு" என்று அவரைச் சமாதானப்படுத்தி அந்தப் பக்கம் அழைத்துப் போனார். அப்போதே மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

நான் ஜன்னலுக்குத் திரும்பினேன். என் மாமியாராகப் போகிறவர் முன்னால் வந்தார். வாசலில் நின்று குலையை நிமிர்ந்து பார்த்தார். ஏன் பார்த்தார் என்று நினைப்பதற்குள் வலையின் ஒரு தையல் விட்டது. ஒரு பழம் நழுவி அவர் தோளில் பட்டு, ஆரத்தித் தட்டின் பக்கத்தில் விழுந்தது. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். போச்சு மாமா தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த அம்மாள் குனிந்து பழத்தை எடுத்தார். துடைத்தார். தோலை உரித்து ஒரு கடி கடித்தார்.

"ரஸ்தாளிதானே? விடியக் காலையில கெளம்புனது, பசி உசிரு போவுது" என்று மிச்சத்தையும் தின்றார். "பச்சக் காயத்தான் கட்டிப் பாத்திருக்கேன். வந்தவுங்களுக்குப் பழத்தோட நிக்கிற வாசல இப்பதான் பாக்குறேன். எந்த மாமன் வீட்டு வாழ இது?"

அம்மா தூணைக் காட்டினார். மாமா பாதி முகத்தை வெளியே நீட்டினார். "என்... என் வீட்டுதும்மா. பொகைய நான்தான்..."

"அப்புறம் ஏன் அங்க ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். மேளம் மறுபடி ஆரம்பித்தது. பிள்ளைகள் வலையைப் பிய்த்துவிட்டார்கள். தாலி கட்டுவதற்குள் இரண்டு குலையும் மொட்டையாகிவிட்டன. பூவைப் பாக்கியம் அத்தை மாமாவுக்குத் தெரியாமல் வெட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமா என் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனார். அவர் கை சில்லென்றிருந்தது. ஆனால் குரல் திரும்பிவிட்டது. நடக்க நடக்கக் காதோரம் கேட்டுக்கொண்டே வந்தது. "பாத்து வா, பாய் தடுக்கும்... அந்த வெளக்குகிட்ட சேலைய ஒதுக்கிக்க... தாலிய எடுத்து வச்சாங்களா இல்லையா? யாரும் பாத்த மாதிரி தெரியலையே, போச்சு..." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணப்பெண் சிரிக்கிறாளே என்று மாப்பிள்ளை நினைத்திருப்பார்.

சாயங்காலம் ரவாங்குக்குக் கிளம்பினோம். அம்மா அழுதார், அத்தை அழுதார். மாமா கோணியில் சுற்றிய இரண்டு வாழைக் கன்றுகளை என் காலடியில் வைத்தார். அதே ரஸ்தாளியின் பக்கக் கன்றுகள். வைத்துவிட்டுக் கார்க் கதவின் அருகே நின்றார். கண் சிவந்திருந்தது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. சாலையைப் பற்றிச் சொல்லவில்லை, மழையைப் பற்றிச் சொல்லவில்லை, டிரைவர் தூங்கிவிடுவான் என்று சொல்லவில்லை. புகைத் தகரத்துக்குப் பக்கத்தில் அவர் வாயடைத்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"மாமா, எதாச்சும் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கார் நகர்ந்தது. லயம் கடந்தது, கோயில் கடந்தது. பெரட்டுக் களத்துத் திருப்பத்தில் பின்னாலிருந்து ஒரு கூப்பாடு. திரும்பினால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா புழுதிக்குள் ஓடி வருகிறார்.

"சரசு! சேல! சேல முந்தி கதவுல மாட்டியிருக்கு! நிறுத்தச் சொல்லு! போச்சு! எல்லாம் போச்சு!"

சேலை எங்கும் மாட்டியிருக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். ஆனாலும் காரை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து, அவர் மூச்சு வாங்க வந்து சேரும் வரை காத்திருந்து, அவர் கண் முன்னால் மறுபடி சாத்தினேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான், போகிற இடத்தில் நான் நன்றாக இருப்பேன் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.